கண்ணாடித் தொட்டியில் நீ விட்டுப்போன சிலந்தி

அன்புள்ள அண்ணா,

பேசாமல் இருந்தது போதும். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் பேசவில்லை. பதினாறாம் நாள் காரியத்திலும் பேசவில்லை. போன மாதம் உன் முதல் வருஷத் திதி. அன்றும் ஐயர் சொல்லச் சொன்னதைத் திருப்பிச் சொன்னேனே தவிர, எனக்காக ஒரு சொல் பேசவில்லை. எல்லாரும் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். துக்கம் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

இதைப் படித்தால் நீ எதை முதலில் தேடுவாய் என்று எனக்குத் தெரியும். என் உடம்பு எப்படி, என் மனைவி சுசீலாவுக்கு மூட்டுவலி தேவலையா என்றெல்லாம் தேட மாட்டாய். "அது எப்படிடா இருக்கு?" என்றுதான் கேட்பாய். அதைக் கடைசியில்தான் சொல்வேன். கொஞ்சம் காத்திரு. நான் காத்திருக்கவில்லையா?

உன் செம்பாக்கம் மாறிக்கொண்டு வருகிறது. ஏரியை ஒட்டி நீ முதல் ஆளாக வீடு கட்டியபோது நரிதான் உனக்கு அண்டை வீடு என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். இப்போது உன் வாசலுக்கு எதிரே கருவேலத்தை வெட்டி எரித்து, கல் நட்டு, மனை பிரித்துவிட்டார்கள். தண்ணீர் லாரி உன் தெரு வரைக்கும் வருகிறது. நீ வேலை பார்த்த ஸ்டேஷனில் உன் நாற்காலியில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என்னைத் தெரியவில்லை. பழைய போர்ட்டர்கள்தான், "மாஸ்டர் தம்பி, சௌக்கியமா?" என்று கேட்கிறார்கள்.

எனக்குப் பெயர் இருக்கிறது. எம்.ஏ. பட்டத்தில் அது அச்சாகியிருக்கிறது. அலுவலகத்தில் என் மேசைமேல் பலகையில் இருக்கிறது. ஆனால் தாம்பரம் ரயில்வே கேட்டைக் கடந்து கிழக்கே வந்தால் நான் மாஸ்டர் தம்பி. காரணம் நீ. என்னை ஒருவரிடமும் நீ பெயர் சொல்லி அறிமுகம் செய்ததில்லை. "இவன் என் தம்பி." அவ்வளவுதான். அதற்கடுத்து அந்த வேர்க்கடலைக் கதை.

சின்ன வயதில் நான் கொல்லையில் வேர்க்கடலை விதைத்தேனாம். முளைத்துவிட்டதா என்று பார்க்கத் தினமும் தோண்டினேனாம். கடைசியில் ஒன்றும் முளைக்கவில்லையாம். இதை நீ என் கல்யாணத்தில் சொன்னாய். என் மாமனாரிடம் சொன்னாய். எனக்குப் பதவி உயர்வு வந்தபோது வாழ்த்த வந்தவர்களிடமும் சொன்னாய். சொல்லிவிட்டு, "அவன் கையில எதுவும் பிழைக்காது சார்" என்று என் தோளைத் தட்டுவாய். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனை இப்படிச் சிரிக்க வைப்பது நியாயமா என்று நீ ஒரு தடவையாவது யோசித்தாயா?

அப்படிப்பட்ட என் கையில்தான் அதைக் கொடுத்துவிட்டுப் போனாய்.

உனக்குத் தெரிந்த கதைதான். மற்றவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள் என்பதால் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் உன் மனையில் கிணறு வெட்டியபோது, செம்மண்ணுக்குள் ஒரு ஆழமான வளையிலிருந்து அது வெளியே வந்தது. பெரிய சிலந்தி. விரல்களை விரித்து வைத்த கை அளவு. உடம்பெல்லாம் பழுப்பு ரோமம். வெட்டியவர்கள் மண்வெட்டியை ஓங்கிவிட்டார்கள். உன் கேட் கீப்பர் கோதண்டம், "மாஸ்டரே, தள்ளிக்கோ, ஒரே போடு" என்றான். நீ மட்டும், "இரு, இரு, யாருன்னு பாப்போம்" என்றாய். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பற்றிப் பேசுவது போல.

மளிகைக் கடைக் கண்ணாடி ஜாடியில் அன்றைக்கு அடைத்தாய். பிறகு யாரோ வீசிய மீன் தொட்டி ஒன்றைத் தூக்கி வந்தாய். அடியில் விரிசல், தண்ணீர் நிற்காது. தண்ணீர் நிற்க வேண்டியதில்லையே என்றாய். கிணற்று மண்ணையே முக்கால் தொட்டிக்கு இறுக்கி நிரப்பினாய். மேலே கொசுவலைக் கம்பியும், அதன் மேல் ஒரு செங்கல்லும். குடிக்கத் தண்ணீர் சோடா மூடியில். அது ஒரே வாரத்தில் மூலையில் வளை தோண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அப்புறம் உன் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மண் நிரம்பிய ஒரு தொட்டியைக் காட்டி, "உள்ள இருக்கு" என்பாய். வந்தவர்கள் மண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் காபி குடிப்பார்கள். பத்து வருஷம் போல அந்தக் கூத்து நடந்தது.

அண்ணி அந்தப் பக்கமே வரமாட்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். டெலிபோன் ஆபீஸில் நாள் முழுக்க ஊரார் குரலைக் கேட்டுவிட்டு வருகிறவள். வீட்டில் பேசாத புருஷன், பேசாத சிலந்தி. எப்படிச் சமாளித்தாளோ.

பிறகு ஆஸ்பத்திரி. அந்தக் கட்டிலை நான் மறக்கவில்லை. பச்சை விரிப்பு, சன்னல் ஓரம், உன் சட்டைப்பையில் அந்த ரயில்வே பேனா. எலும்பும் தோலுமாக இருந்தாய். "என்ன அண்ணா, டாக்டர் என்ன சொல்றார்?" என்றேன்.

"வயித்துல புண்ணுடா. ஆறிடும். அதை நீ எடுத்துக்கிட்டுப் போயிடு."

"எதை?"

"தொட்டியை. இங்க பாரு, அடுப்படிக் கரப்பானைப் பிடிச்சுப் போட்டுடாதே. சுசீலா மருந்து சாக்பீஸால கோடு போட்டிருப்பா. அதைத் தின்ன கரப்பானைத் தின்னா இதுவும் போயிடும். வெளிய புல்லுல இருக்கிற பூச்சியாப் பிடி. உயிரோட போடு, செத்ததைத் தொடாது. போட்டதைச் சாப்பிடலேன்னா பூச்சியை உடனே வெளிய எடுத்துடு."

"ஏன்?"

"எடுத்துடுன்னா எடுத்துடு. வளை வாயை அடைச்சுக்கிட்டா தட்டாதே. தோண்டிப் பாக்காதே. உனக்கு அந்தப் புத்தி உண்டு."

எதற்கும் காரணம் சொல்லவில்லை. பேசிக்கொண்டே இருந்தாய், மூச்சு வாங்க வாங்க. மண் காய்ந்தால் ஓரத்தில் மட்டும் தண்ணீர் விடு, கொசு மருந்துப் புகை வண்டி வந்தால் தொட்டிமேல் ஈரத்துணி போடு. அவ்வளவு விவரம். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. புண் ஆறிவிடும் என்று நம்பி நான் ஆபீஸுக்குப் போனேன். நீ சொன்னால் நம்புகிற வழக்கம் எனக்கு. அதுதான் என் குறை.

நீ போன அன்று சுடுகாட்டில் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பியபோது, கோதண்டம் என் பக்கத்தில் வந்து நின்றான். குழந்தை இல்லாத உனக்கு நான்தான் எல்லாம் செய்தேன் என்பதையும் நினைவுபடுத்திவிடுகிறேன்.

"மாஸ்டருக்கு எப்பவோ தெரியும் தம்பி சார்," என்றான். "புத்துநோவுன்னு. எங்கைல சொல்லிகினுதான் இருந்தாரு. மழைக்கு முன்னாடியே போயிடுவேன் கோதண்டம்னாரு. அதேமேரி போயிட்டாரு."

அண்ணா, அந்த இடத்தில் எனக்கு எப்படி இருந்திருக்கும்? கேட் கீப்பரிடம் சொல்லத் தெரிந்த உனக்கு என்னிடம் சொல்லத் தெரியவில்லை. அண்ணிக்கும் கட்டாயம் தெரிந்திருக்கும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். எல்லாருக்கும் தெரிந்து, சிலந்தியைப் பார்த்துக்கொள்ள மட்டும் என்னை வைத்திருந்திருக்கிறீர்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு உன் வீட்டுப் படி ஏறவில்லை.

தொட்டி மட்டும் வந்து சேர்ந்தது. கோதண்டம் ஒரு மீன்பாடி வண்டி பிடித்து, வைக்கோல் போட்டு, தொட்டியை நடுவில் வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டுவந்தான். செம்பாக்கத்திலிருந்து மேற்குத் தாம்பரம் வரைக்கும் சாலை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டில் வேறு நின்று குலுங்கி வந்திருக்கிறது. வந்து சேர்ந்தபோது உள்ளே மண் சரிந்து வளை மூடிப்போயிருந்தது. அது எப்படியோ மேலே ஏறி, மூலையில் கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு அது வளை தோண்டவே இல்லை. பாதிக் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தேன். அதன் அடியில் போய் ஒண்டிக்கொண்டது. என் வாடகை வீட்டுக்கு அது குடிவந்த விதம் அது.

சுசீலா கதவோரமாக நின்று பார்த்தாள். "ஏங்க, ஊர்ல அண்ணன் போனா தம்பிக்கு வயல் விடுவாங்க, வாட்ச் விடுவாங்க. உங்களுக்கு எட்டுக்கால் பூச்சி."

"பாத்துக்கச் சொன்னார்."

"யாரை? உங்களை அதைப் பாத்துக்கச் சொன்னாரா, அதை உங்களைப் பாத்துக்கச் சொன்னாரா?"

இந்த ஒரு வருஷம் நான் செய்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆபீஸ் விட்டு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்டவாளத்தை ஒட்டிய புல்லில் குனிந்து சுவர்க்கோழி பிடித்தேன். அதுதான், சாயங்காலத்தில் விடாமல் கத்துமே, அந்தப் பழுப்புப் பூச்சி. தெருவில் பார்த்தவர்கள் சார் எதையோ தொலைத்துவிட்டார் என்று கூடத் தேட வந்தார்கள். மழை விட்ட மாலைகளில் ஈசல் பிடித்துப் போட்டேன். தண்ணீர் மூடியைக் கழுவி வைத்தேன். கொசு மருந்து வண்டி சத்தம் கேட்டால் சாப்பாட்டை விட்டு எழுந்து ஈரத்துணி போட்டேன். அதன்மேல் எனக்குப் பாசம் ஒன்றும் கிடையாது. அது செத்தால் நீ சொன்னது சரியாகிவிடும். 'அவன் கையில் எதுவும் பிழைக்காது.' நீ இல்லாமல் போன பிறகும் அந்த வாக்கியம் நின்றுவிடும். அதற்கு நான் இடம் கொடுப்பதாக இல்லை.

திதி நெருங்கிய சமயத்தில் அது சாப்பிடுவதை நிறுத்திவிட்டது.

சுவர்க்கோழி அதன் முதுகுமேல் ஏறி நடந்தாலும் அசையாது. வயிறு கறுத்துப்போய் ரோமம் உதிர்ந்து வழுக்கையாகத் தெரிந்தது. நீ சொன்னபடி பூச்சியை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வேறு போட்டுப் பார்ப்பேன். அதையும் தொடாது. யாரிடம் போய்க் கேட்பது? மாட்டு டாக்டரிடமா? ஒரு நாள் கொட்டாங்கச்சியின் வாயையும் வெள்ளையாக நூல் பின்னி அடைத்துக்கொண்டது. நான் தட்டவில்லை. எடுத்துப் பார்க்கவில்லை. விரல் துடித்தது, ஆனாலும் தோண்டவில்லை. இதை நீ நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உன் திதியை என் வீட்டில்தான் செய்தோம். அண்ணி காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டாள். ஒரு வருஷத்தில் நாங்கள் நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "வாங்க அண்ணி" என்றேன். "ம்" என்றாள். நேரே சமையற்கட்டுக்குப் போய் வாழைக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

கோதண்டம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு தீப்பெட்டியைக் காதோரம் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தான்.

"இன்னா தம்பி சார், அது துன்னுதா இல்லியா?"

"இல்லை."

"நெனச்சேன். அதான் ஏரிக்கரைல புடிச்சுகினு வந்தேன். நல்ல கொழுத்த கோழி. மாஸ்டருக்கு நீ வடை பாயசம் படைக்கிற. அவரு இன்னிக்கு வந்தா இத்தத்தான் மொதல்ல பாப்பாரு. அது பட்டினி கெடந்தா அவருக்குச் சோறு எறங்குமா?"

நான் ஐயர் முன்னால் விரலில் தர்ப்பைப் பவித்திரத்தோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. அவன் உள்ளே போய்த் தீப்பெட்டியைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்து கைகட்டி நின்றான். படையல் ஆயிற்று என்ற திருப்தி முகத்தில்.

ஐயர் கிளம்பிப் போனார். காக்கைக்குச் சோறு வைத்தேன். சுசீலா சாம்பிராணிக் கரண்டியோடு அந்த அறைக்குப் போனவள், வாசலிலேயே நின்று, "ஏங்க, இங்க வாங்க" என்றாள். குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடைத்த வாயைக் கிழித்துக்கொண்டு கொட்டாங்கச்சிக்கு வெளியே வந்து, வெள்ளைப் பாய் விரித்தது போல அது பின்னியிருந்த நூலின் மேல், மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே. அசைவு இல்லை.

"இன்னிக்குன்னு பாத்து. உங்கண்ணன் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டார்," என்று சுசீலா சொன்னாள். ஒரு வருஷமாக அதைத் திட்டிக்கொண்டிருந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு டம்ளரில் பால் எடுத்து வந்தாள். "என்ன இருந்தாலும் அவர் வளர்த்தது. பால் ஊத்திப் புதைச்சிடுங்க." கோதண்டம் கொல்லைக்குப் போய் முருங்கை மரத்தடியில் குழி வெட்டத் தொடங்கினான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

நீ ஜெயித்துவிட்டாய் என்றுதான் எனக்குத் தோன்றியது. திதியன்றைக்கே, உன் படத்துக்கு எதிரிலேயே. செங்கல்லை எடுத்துக் கீழே வைத்தேன். கம்பி வலையைத் தூக்கினேன். பால் டம்ளரை இடது கையில் வாங்கிக்கொண்டு வலது கையை உள்ளே விட்டேன்.

"கையை எடுங்க தம்பி."

அண்ணி. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"செத்துப்போச்சு அண்ணி."

"சாகலை. சட்டை கழட்டுது. பாம்பு கழட்டலையா, அது மாதிரி. செத்தா கால் உள்பக்கம் மடங்கிக் குப்புறக் கிடக்கும். மல்லாந்து படுத்தா சட்டை கழட்டப் போகுதுன்னு அர்த்தம். முதல்ல பாலைக் கீழ வைங்க. ஒரு சொட்டு மேல விழுந்தாலும் போச்சு." பிறகு தொட்டியைக் குனிந்து பார்த்தாள். "உள்ள பூச்சி இருக்கே. யார் போட்டது?"

கொல்லையில் மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"எடுங்க, சீக்கிரம். இப்ப அது பஞ்சு மாதிரி இருக்கும். எழுந்திருக்கவும் முடியாது, கடிக்கவும் முடியாது. அந்தப் பூச்சி அதை உயிரோட தின்னுடும்."

ஆக, அதற்குத்தான் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாய். அந்த ஒரு வாக்கியத்தை என்னிடம் சொல்லியிருந்தால் உன் வாய் தேய்ந்திருக்குமா?

அடுப்படி இடுக்கியை வாங்கிக்கொண்டேன். அந்தக் கொழுத்த சுவர்க்கோழி சிலந்தியின் காலருகே மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. தப்பித் துள்ளினால் நேரே அதன் வயிற்றின்மேல் விழும். அண்ணி முந்தானையின் நுனியைத் தொட்டிக்குள் மெதுவாக இறக்கி, சிலந்திக்கும் பூச்சிக்கும் நடுவில் திரை போலப் பிடித்தாள். நான் மறுபக்கமாக இடுக்கினேன். அகப்பட்டது. வெளியே எடுத்துக் கோதண்டத்தின் கையில் கொடுத்தேன். அவன் அதைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு, "தெரியாம போட்டுட்டேன் தாயி" என்றான்.

அப்புறம் நானும் அண்ணியும் அந்த அறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். சாம்பிராணியை வெளியே எடுத்துப் போகச் சொன்னாள். கூடத்தில் இலை காய்ந்தது, பாயசத்தில் ஆடை படிந்தது. யாரும் சாப்பிடவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"முதல் வருஷம் ஒரு நாள் பெருக்கப் போனா, தொட்டிக்குள்ள ரெண்டு இருக்கு. கத்திட்டேன். ஒண்ணு வெறும் தோல், வளையிலிருந்து அது வெளிய தள்ளிவிட்டதுன்னு சொன்னார். அப்புறம் வருஷா வருஷம் அந்தத் தோலை எடுத்து சோப்பு டப்பாவுல போட்டு என் புடவை அலமாரியில வெச்சார். உள்ள எப்படிக் கழட்டும், எவ்வளவு நேரமாகும், எல்லாம் சொல்வார். அன்னிக்கெல்லாம் நல்லாப் பேசுவார்."

எனக்குள் ஒரு வருஷமாகக் கிடந்தது அப்போது வெளியே வந்துவிட்டது. "அப்ப நோயைப் பத்தியும் உங்ககிட்ட சொல்லியிருப்பார்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கிட்டயா? வயித்துல புண்ணுன்னு சொன்னார். ஆறிடும்னார். கோதண்டம் பொண்டாட்டி துக்கம் கேக்க வந்தப்பதான் எனக்கே தெரியும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சும் சொல்லாத குற்றத்துக்குத்தான் வீட்டுப் பக்கமே வராம இருக்கீங்கன்னு நெனச்சேன்." தொட்டிப் பக்கம் திரும்பினாள். "அந்தப் பூச்சியைப் பத்திச் சொன்னதுல கால்வாசிகூடத் தன்னைப் பத்திச் சொல்லலை தம்பி அந்த மனுஷன்."

அண்ணா, அது உன்னைப் பற்றி உன் மனைவி சொன்ன வார்த்தை. நான் சொன்னதல்ல.

கோதண்டம் மண்வெட்டியோடு வாசற்படியில் நின்றிருந்தான். அண்ணி அவனைப் பார்த்தாள். "ஏன் கோதண்டம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு உனக்குத் தோணலையா?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு தாயி. நான் கேட்டுக்காரன். மாஸ்டரு சாத்துன்னா சாத்தறது, தொறன்னா தொறக்கறது. இத்த அவரு தொறக்கச் சொல்லாமயே போயிட்டாரு."

"உங்கிட்ட மட்டும் ஏன் சொன்னார்?"

அவன் யோசித்துவிட்டுச் சொன்னான். "உங்க ரெண்டு பேரு கைல சொன்னா அழுவீங்க. தம்பி சாரு ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு டாக்டர் டாக்டரா இட்டுகினு போவாரு. எங்கைல சொன்னா, நான் போய் டீ வாங்கியாருவேன்."

அண்ணி சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை வெயில் சன்னலில் சாயும் நேரத்தில் அது அசைந்தது. பழைய தோல் ஓரமாகப் பிளந்து, உள்ளிருந்து ஒவ்வொரு காலாக, கையுறையிலிருந்து விரலை உருவுவது போல, வெளியே வந்தது. இழுக்கும், நின்றுவிடும். மறுபடி இழுக்கும். உதவி செய்ய நம்மால் ஒன்றும் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான். கடைசிக் கால் வந்ததும் அது அப்படியே களைத்துக் கிடந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் தானாகவே புரண்டு நிமிர்ந்தது. பக்கத்தில் அதன் பழைய உடம்பு காலியாக உட்கார்ந்திருந்தது.

எங்களை ஏன் பக்கத்தில் உட்கார விடவில்லை, அண்ணா? நாங்கள் உன்னைப் புரட்டிப் பார்த்திருப்போம் என்றா?

அன்றைக்கே ஒரு சண்டையும் நடந்தது. ஆறிய வடையைத் தின்றுகொண்டே அண்ணி, "இதை நான் எடுத்துக்கிட்டுப் போறேன் தம்பி, உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "இது எனக்குன்னு கொடுத்தது" என்றேன். "எனக்குப் பிடிக்காதுன்னு நெனச்சுக் கொடுத்திருப்பார். கேட்டாரா?" என்றாள். நான் விடவில்லை. அவளும் விடவில்லை. மறுபடி வண்டியில் குலுங்கினால் இந்த மெத்தென்ற உடம்போடு தாங்காது என்று சொல்லித்தான் ஜெயித்தேன். அந்த நியாயத்தை அவள் மறுக்க முடியவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ்ஸில் வருகிறாள், போன வாரத்திலிருந்து டிபன் டப்பாவின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஏரிக்கரைப் பூச்சிகளோடு. தண்டவாளத்துப் பூச்சிகள் சோப்ளாங்கியாம். நான் பிடிப்பதெல்லாம் அவளுக்கு மட்டம். சுசீலா இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

தோல் இறுகும் வரைக்கும் ஒன்றும் போடக்கூடாது என்று அண்ணி சொல்லியிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு சுவர்க்கோழியை விட்டோம். அது கொட்டாங்கச்சிக்குள்ளிருந்து இரண்டு காலை நீட்டித் தரையைத் தொட்டுப் பார்த்தது. அடுத்த கணம் பூச்சி அங்கே இல்லை. அண்ணியும் நானும் காபி குடித்தோம். மறுநாள் அது பழையபடி மூலையில் மண்ணைத் தோண்டி வெளியே தள்ளத் தொடங்கியிருந்தது.

ஆக, நீ கேட்டதற்குப் பதில்: அது நன்றாக இருக்கிறது. என் கையில் பிழைத்திருக்கிறது.

உன்னை நான் மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கு அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒருவன்மேல் தனியாகக் கோபமாக இருப்பது பெரிய வேலை. இப்போது அதைப் பங்கு போட்டுக்கொள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருத்தி வருகிறாள். கொஞ்சம் இறக்கி வைத்தது போல இருக்கிறது.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அது இருக்கும் வரைக்கும் அதற்கு உயிருள்ள பூச்சி கிடைக்கும், மூடியில் தண்ணீர் இருக்கும், புகை வந்தால் ஈரத்துணி இருக்கும். வாயை அடைத்துக்கொண்டால் தட்ட மாட்டேன். தோண்டவும் மாட்டேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதை நீ தடுக்க முடியாது.

இதை நீ விடாமல் வாங்கிய அந்த வாரப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். அண்ணி அதை இன்னும் நிறுத்தவில்லை. போட்டார்களானால் அவள் படிப்பாள். கோதண்டத்துக்கு அவன் மகள் படித்துக் காட்டுவாள். கீழே என் பெயரை எழுதிப் பார்த்தேன், பட்டத்தோடு. பிறகு அடித்துவிட்டேன். பெயர் போடாமலே நாளைக் காலை தபாலில் சேர்த்துவிடுவேன். உன் தம்பி என்றுகூட எழுதவில்லை. அதைத்தான் நீ ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாயே.